ஒரு நாள் பொட்டு

பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை தில்லையம்மாளுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி மூன்று வருஷமாகிறது, நம் பெண்களும் விஞ்ஞானம் படித்து டாக்டர், இஞ்சினீயர் என்று வர வேண்டாமா என்று. ஆசையில் குற்றமில்லை. அப்படிப் படித்து முன்னுக்கு வந்த ஒருத்தியை மேடையேற்றிப் பேசவைத்தால் பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் தைரியம் வரும் என்று நினைத்தாள். கைக்கெட்டும் தூரத்தில் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான் இருந்தாள். சர்க்கார் பரிசோதனைச்சாலையில் வேலை பார்க்கும் அமிர்தவல்லி.

அமிர்தவல்லி நெல்லித்தோப்புக்காரி. சென்னைக்குப் போய் ரசாயனம் படித்தவள். ஊருக்குள் வருகிற பாலையும் எண்ணெயையும் சோதித்து, எதில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதிக்கொடுப்பது அவள் வேலை. அவள் பேரைக் கேட்டாலே பால்காரர்கள் வேறு தெருவில் திரும்பிவிடுவார்கள். இத்தனை இருந்தும் தில்லையம்மாளின் கண்ணுக்கு அவளிடம் ஒரு குறை இருந்தது. அவள் விதவை.

விழாவன்று தன் அறையில் அவளை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள் தில்லையம்மாள்.

"தப்பா நெனைக்காதீங்க அமிர்தவல்லி. இந்தக் கோலத்துல மேடை ஏறினீங்கன்னா, படிச்சா இப்படித்தான் ஆவணும் போலன்னு பொண்ணுங்கள இழுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. ஒரு நாளைக்குத்தானே? ஒரு பொட்டு, கொஞ்சம் பூ, அவ்ளோதான்."

"கலப்படம் புடிக்கிறவ நான். என்னையே கலப்படம் பண்றீங்களே?"

தில்லையம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் அரக்குப் பட்டுப் புடவையை எடுத்து நீட்டினாள். பெரிய மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப் பூவை முன்னதாகவே வாங்கி, ஈரத்துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தாள். நல்ல காரியத்துக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மனிதர்களுக்கு வெட்கம் விட்டுப்போகிறது.

அமிர்தவல்லி எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பொட்டு வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குப் பிடித்துவிட்டது.

மேடையில் நன்றாகவே பேசினாள். உயரமான கண்ணாடிக் குவளையில் பாலை ஊற்றி, அதில் பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியை மிதக்கவிட்டுக் காட்டினாள். நல்ல பாலில் அது தலை நிமிர்ந்து நின்றது. தண்ணீர் சேர்க்கச் சேர்க்க அமிழ்ந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நடு வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கறுத்து ஒடிசலாக இருந்தாள், எண்ணெய் வழிய வாரியிருந்தாள்.

"மதாம், தண்ணிய ஊத்திட்டு கொஞ்சம் சக்கரையும் போட்டா அது மறுபடி மேல ஏறிடாது? அப்ப எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

அமிர்தவல்லிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பால்காரர்கள் கண்டுபிடித்திருந்த வித்தையை இந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். பேர் கேட்டாள். கண்ணகி. வைத்திக்குப்பத்து மீன்காரி முத்தம்மாளின் மகள்.

"நீ காலேஜில விஞ்ஞானம் படிக்கணும், கண்ணகி. என்னைப் போல வரணும்," என்றாள் எல்லார் முன்னிலும்.

சுவரோரம் நின்றிருந்த முத்தம்மாள் முன்னால் வந்தாள். மஞ்சள் தேய்த்துக் குளித்து, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கண்ணகிக்குத் தை மாதம் பரிசம் போடுவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்த அம்மாளைப் பார்த்த பிறகு முடிவு சொல்கிறேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ஏம்மா, உங்களுக்குக் கண்ணாலம் ஆயிடுச்சா? வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

அமிர்தவல்லி வாயெடுப்பதற்குள் தில்லையம்மாள் முந்திக்கொண்டாள். "மெட்ராஸ்ல பெரிய வேலையில இருக்காரு."

அமிர்தவல்லி குனிந்து பால்மானியைத் துடைக்கத் தொடங்கினாள்.

முத்தம்மாளின் முகம் மலர்ந்தது. "அப்ப படிச்சாலும் பூவும் பொட்டுமா நல்லாத்தான் இருக்கலாம். பரிசம் வேணான்னு சொல்லிடறேன். எம் பொண்ணு படிக்கட்டும்." பிறகு, வாசலில் வைத்திருந்த குங்குமச் சிமிழைத் தானே ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டினாள். "உங்க கையால அவ நெத்தியில வெச்சிவுடுங்கம்மா. உங்க ராசி அவளுக்கும் வரட்டும்."

கண்ணகி கண்ணை மூடிக்கொண்டு நெற்றியை நீட்டினாள். அமிர்தவல்லி குங்குமத்தை விரலில் தொட்டாள். வைத்தாள்.

வீட்டுக்குப் புறப்படும்போது புடவையை மட்டும் மாற்றிக்கொண்டாள். பொட்டை அழிக்க மனம் வரவில்லை. ரிக்‌ஷாவில்தானே போகிறோம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். நெல்லித்தோப்பு முனையில் பால்காரன் சாமிக்கண்ணு பார்த்தான். தண்ணீர்ப் பாலுக்கு அவளால் இரண்டு முறை அபராதம் கட்டியவன். பெரிய மார்க்கெட்டில் மீன் கடைகளுக்குப் பக்கத்திலிருந்த டீக்கடைக்கு அவன்தான் பால் ஊற்றினான். அவள் பொட்டு வைத்த சேதியை அங்கே அவன் தண்ணீர் கலக்காமல் ஊற்றினான்.

மறுவாரம் முத்தம்மாள் கண்ணகியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பரிசோதனைச்சாலைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"தாலியறுத்தவ, எந்தத் தைரியத்துலடி எம் பொண்ணு நெத்தியில கை வெச்ச? அவ அப்பன் கடலுக்குப் போறவன். எங்க குடும்பம் வெளங்கவா?"

"யம்மா, வுடும்மா," என்றாள் கண்ணகி. "பொட்டுதாம்மா பொய்யி. அவங்க படிச்சது நெசந்தானே?"

பளாரென்று ஓர் அறை விழுந்தது. முத்தம்மாள் மூச்சு வாங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அமிர்தவல்லியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் நெசமா சொல்லு. உம் புருஷன் உசுரோட இருந்திருந்தா, உன்னப் படிக்க வெச்சிருப்பாங்களா?"

அமிர்தவல்லிக்குப் பதினாறு வயது நினைவுக்கு வந்தது. காலராவில் போன புருஷனின் முகம் அப்போதே அவளுக்குச் சரியாகப் பதிந்திருக்கவில்லை. காரியம் முடிந்த பிறகு அப்பா சுப்பராயன் ஒரு கட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டு, "இனிமே உனக்கு வேற இன்னா இருக்கு? படி," என்றார். அவளையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "சிரிக்காதடி. பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?"

கண்ணகி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம், படிக்கவைத்திருப்பார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்காமல் பொய்க்குத் துணை போனவள், ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு பொய்யில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பார்த்து உத்தமியாகிவிட்டாள்.

"இல்ல," என்றாள்.

"கேட்டுக்கினியாடி?" என்று மகளிடம் சொன்னாள் முத்தம்மாள். "வேற கதியில்லாதவளுக்குத்தான் படிப்பு. உனக்கு ஏன்?"

தை மாதம் பரிசம் போட்டார்கள். மாசியில் கல்யாணம். மாப்பிள்ளை அம்மாவாசை நல்ல உழைப்பாளி, குடிக்காதவன் என்றார்கள். சேதி கேட்டு அமிர்தவல்லி தில்லையம்மாளிடம் ஓடினாள். எப்படியாவது நிறுத்த வேண்டும் என்றாள். "ஒரு பொண்ணு போனா போவுது, விடுங்க," என்றாள் தில்லையம்மாள். "அதுக்குன்னு அன்னிக்குப் பொட்டோடவா தெருவுல போவாங்க?"

அந்த வருஷ ஐப்பசியில் புயலடித்தது. அம்மாவாசையின் கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்தது.

அந்தக் கை வைத்த குங்குமம்தான் காவு வாங்கிவிட்டது என்று குப்பம் முழுக்கப் பேசினார்கள். அமிர்தவல்லி பரிசோதனைச்சாலைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள். எந்த நேரமும் முத்தம்மாள் வந்து தலைமயிரைப் பிடித்து இழுப்பாள் என்று காத்திருந்தாள். அப்படி வந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

முத்தம்மாள் வந்தாள். சண்டைக்கு வரவில்லை. வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் கண்ணகி நின்றாள். வெள்ளைப் புடவை, வெறும் கை, வெறும் நெற்றி. இன்னும் பதினேழு முடியவில்லை.

"கூட்டியாந்துட்டேம்மா," என்றாள் முத்தம்மாள். போன தடவை 'நீ' என்றவள் இந்தத் தடவை மரியாதையாகப் பேசினாள். "மாமியா வூட்ல சோறு போட மாட்டேன்னுட்டாங்க. எம் வூட்டுக்காரரு கடலுக்குப் போற நேரத்துல இவ எதுக்க வரக் கூடாதுன்றாரு. நீங்க சொன்னது சரிதான். இனிமே இவளுக்கு ஒரு தடங்கலும் இல்ல. உங்களப் போலவே ஆயிட்டா. படிக்க வைங்க."

குத்திக்காட்டுகிறாளோ என்று அமிர்தவல்லி அந்த முகத்தில் தேடினாள். இல்லை. மனதாரத்தான் கேட்டாள். மகளைத் திரும்பிப் பார்க்காமல், மார்க்கெட்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போனாள்.

கண்ணகி நின்ற இடத்திலேயே நின்றாள். உட்காரச் சொன்னாள் அமிர்தவல்லி. உட்காரவில்லை. அவள் கண் மேஜை மேலிருந்த பால்மானியிடம் போயிற்று. அதைத் தொட்டாள். பிறகு கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மதாம், இத கடல் தண்ணியில வுட்டா எங்க நிக்கும்?"

எந்தக் கடல் என்று இந்தப் பெண்ணுக்கு நினைவில்லையா? இருந்தது. இருந்தும் கேட்டாள்.

"உப்பு இருக்குல்ல. கிட்டத்தட்ட பாலுல நிக்கற மாதிரிதான் நிக்கும்."

"அப்ப கடல் தண்ணியப் பாலுன்னு நம்பிடுமா இது?"

"நம்பிடும்."

கண்ணகியின் உதடு விரிந்தது. கண்ணில் வெளிச்சம் வந்தது. புருஷன் போய் மாதம் திரும்பவில்லை, அந்தப் பெண் சிரித்தாள். அந்தச் சந்தோஷம் என்னவென்று அமிர்தவல்லிக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாத சந்தோஷம் அது.

எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

"சிரிக்காத, கண்ணகி," என்றாள். "பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?"