மெனு இருந்த இடம்

மெனுவை மறைத்ததும் பக்கத்தின் உச்சியில் ஒரு வெள்ளைப் பட்டை மிஞ்சியது. மிரான் கடல் படத்தை மேலே ஏற்றினாள். தலைப்பு படத்துக்கு அடியில் போய்ப் புதைந்தது. அதை மீட்டால் கைப்பேசியில் படம் பிதுங்கியது. உல்சான் நகரக் கப்பல்தளத்துக்கு வெல்டிங் ஆட்களை அனுப்பும் கம்பெனியின் இணையதளம் அது; மெனுவை மறைக்கச் சொன்னதும் அந்தக் கம்பெனிதான்.

சாப்பிட்டுத் திரும்பிய வடிவமைப்பு அலுவலக முதலாளி பாங், பல் குத்திக்கொண்டே அவள் பின்னால் வந்து நின்றார். "இன்னுமா இதப் போட்டு மாரடிக்கிற?"

"விபத்து இழப்பீட்டு மனு போடுற பக்கம் மெனுவுலதான் இருக்கு முதலாளி. மறைச்சா யார் கண்ணுலயும் படாது."

"அழிக்கவா சொன்னாங்க? பக்கம் அங்கதான இருக்கு, சட்டத்துக்கு அது போதும். நீ என்ன வக்கீலா?"

அவள் பட்டையின் இடைவெளியைக் குறைத்தாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம். பயமாகத்தான் இருந்தது.

தொலைபேசி அடித்தது. இணையதளத்தின் அடியில் அதைச் செய்து கொடுத்த இந்த அலுவலகத்தின் எண்ணும் இருக்கும். அதைக் கம்பெனி எண் என்று நினைத்து ஒரு அம்மாள் கூப்பிட்டிருந்தாள்.

"மன்னிச்சுக்க தாயி, நான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. காலையில மேல வரிசையா இருந்துச்சு, இப்பக் காணோம். எங்க வீட்டுக்காரர் சாரத்துலேர்ந்து விழுந்து செத்துட்டாரு. மனு போட இன்னைக்குத்தான் கடைசி நாள். கம்பெனி ஆபீசுக்குப் போனா, எல்லாம் இணையத்துலதான்னு வாசல்லயே திருப்பிட்டாங்க."

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலம்மா. பக்கத்தோட முகவரி சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

"இங்கிலீஷ் எழுத்தா? எனக்கு அது வராதே தாயி. இங்க வெறும் கடல்தான் தெரியுது. அவர் விழுந்த கடலு."

மிரான் ஒரு காகிதத்தை இழுத்துப் பேனாவை எடுத்தாள். "உங்க கைப்பேசி நம்பர் சொல்லுங்க. லிங்க் அனுப்புறேன், தொட்டாப் போதும்."

"இரு, கண்ணாடி போட்டுக்கறேன்... பூஜ்யம், ஒண்ணு, பூஜ்யம்..."

பாங் எட்டி ரிசீவரை வாங்கினார். "இது கம்பெனி நம்பர் இல்லம்மா. அவங்களயே கேளுங்க." சொல்லிவிட்டு வைத்தார். அது கூப்பிட்டவர் எண்ணைக் காட்டாத பழைய தொலைபேசி.

"அடியில இருக்கிற நம்ம நம்பரையும் தூக்கிடு. இல்லன்னா பொழுதன்னைக்கும் இதே ரோதனைதான்."

அவள் எடுத்தாள். அங்கேயும் ஒரு வெள்ளைப் பட்டை மிஞ்சியது. கடலைக் கீழே இழுத்து அதையும் மூடினாள்.

"இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார் பாங்.

அவர் நாற்காலிக்குப் போகும்வரை காத்திருந்து கையடியில் இருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். நாட்டில் எல்லாருடைய கைப்பேசி எண்ணும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.