கடல் விமானத்தின் கடைசி மூடி

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை ஏதும் இருந்ததில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குறை சொல்லாதீர்கள். என் பெயர் தனசேகரன். செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மேல்மலையனூர் அமாவாசைக்கு நோட்டீஸ் என்று பிழைப்பு ஓடுகிறது. பத்திரிகைகளில் நான்கு கதைகள் வந்திருக்கின்றன. ஐந்தாவது திரும்பி வந்ததிலிருந்து கதை என்று யாராவது சொன்னாலே எனக்குக் கொட்டாவி வருகிறது.

அப்படிப்பட்டவனிடம்தான் லீலாவதி வந்து நின்றாள். என்னோடு பள்ளியில் படித்த ஜினேந்திரனின் மனைவி.

"அண்ணே, ஒரு கத எழுதித் தரணும்."

"பத்திரிக அடிக்கணும்னா சொல்லும்மா. கதயெல்லாம் உட்டாச்சு."

"எழுதலன்னா அவரு செத்துடுவாரு" என்றாள். ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதனால்தான் எழுந்து அவளுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன்.

ஜினேந்திரன் கடற்படையில் விமானங்களைப் பராமரிக்கும் மெக்கானிக்காக இருந்தான். வேலையை விட்டு ஊர் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. வந்த நாளிலிருந்து சோற்றைக் குறைத்துக்கொண்டே வருகிறான். ஒரு வேளை ஆயிற்று, ஒரு பிடி ஆயிற்று, இப்போது வெறும் மோர். அவன் சமணன். சமணர்களில் முற்றும் துறந்தவர்கள் உணவை விட்டு உயிரை விடும் நோன்பு ஒன்று உண்டு, சல்லேகனை. அதை எடுக்க அனுமதி கேட்டு மேல்சித்தாமூர் சமண மடத்துக்குப் போயிருக்கிறான். அங்கே ஒரு பெரியவர், "இது துறவு இல்லப்பா, உன்ன நீயே தண்டிச்சுக்கற. இதுக்கு நான் சம்மதிக்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அனுமதி இல்லாமலேயே வீட்டில் தொடர்கிறான்.

2

தொடக்கத்தை மூன்று தரம் எழுதினேன்.

அ) ஒரு நாள் காலை, செஞ்சிக் கோட்டைக்குள் செட்டிகுளத்தில் ஒரு விமானம் வந்து இறங்கியது. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் –

[விட்டுவிட்டேன். பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். பட்டினி கிடக்கிறவனுக்கு எதற்கு வேடிக்கை?]

ஆ) கடலே இல்லாத ஊரில் பிறந்தவன் கடற்படைக்குப் போனதுதான் முதல் –

[இதையும் விட்டுவிட்டேன். தலையெழுத்து, விதி என்று இழுத்துக்கொண்டு போகும். எனக்கே சலிப்பாக இருந்தது.]

இ) ஜினேந்திரன் மீன்களைக் காப்பாற்றினான்.

இது நிற்கட்டும். ஆனால் இதற்கு முன்னால் அவன் வேலை பார்த்த விமானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

3

(வரலாறு பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். ஆனால் சக்கரம் பற்றிச் சொல்வதை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.)

சுதந்திர இந்தியாவின் கடற்படைக்கு முதலில் கிடைத்த விமானங்கள் கடலிலும் இறங்கக் கூடியவை. ஐம்பத்துமூன்றில் கொச்சிக்கு வந்தன. சீலேண்ட் என்று பெயர். அடிப்பாகம் படகு, மேலே இறக்கையில் இரண்டு என்ஜின், பக்கவாட்டில் மடங்குகிற சக்கரம். தரையில் இறங்க வேண்டுமானால் சக்கரத்தை நீட்ட வேண்டும். தண்ணீரில் இறங்க வேண்டுமானால் மடக்க வேண்டும். தண்ணீரில் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கினால் மூக்குக் குப்புறக் கவிழும்.

"ரெண்டுங்கெட்டான் வண்டிடா அது" என்பான் ஜினேந்திரன். திட்டுவது போலத்தான் சொல்வான், ஆனால் முகத்தில் அப்படி ஒரு பிரியம் இருக்கும்.

அறுபத்தொன்றில் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல் வந்தது. கப்பலின் முதுகிலிருந்தே ஜெட் விமானங்கள் கிளம்பின. எல்லோருடைய கண்ணும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. படகு வயிற்று விமானங்கள் சில்லறை வேலைகளுக்கு ஓடின, பிறகு ஒவ்வொன்றாக ஓரம் கட்டப்பட்டன. ஒரு நாட்டின் கடற்படை விமான வரலாற்றில் அவற்றுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். அந்தப் பத்தியிலும் மெக்கானிக்குகள் இருக்க மாட்டார்கள்.

(வரலாறு வரலாறுதான். இனி வரும் விபத்து கதைக்குள் நடந்தது. தளத்துக்குப் பெயர் வைக்கவில்லை, தேடினாலும் கிடைக்காது.)

4

கடலில் இறங்கிவிட்டு வரும் விமானத்தைக் குளிப்பாட்ட வேண்டும். உப்புப் போக நல்ல தண்ணீர் அடிப்பார்கள். அடிவயிற்றில் வரிசையாகப் பித்தளை மூடிகள் இருக்கும். அவற்றைத் திருகிக் கழற்றினால் உள்ளே கசிந்த நீர் வடியும். வடிந்த பிறகு பூட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அடுத்த தரம் கடலில் இறங்கும்போது அந்த ஓட்டை வழியாக உள்ளே தண்ணீர் ஏறும். கழற்றிய மூடிகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்வது அங்கே பழக்கம். பை காலி என்றால் எல்லாம் பூட்டியாயிற்று என்று அர்த்தம்.

சக்கரம் மடங்கும் குழியில் பாசி சிக்கிக்கொண்டு வரும். பாசியோடு இறால் குஞ்சும் நகக்கண் அளவு மீனும் வரும். நல்ல தண்ணீர் பட்டால் அவை செத்துவிடும். குடிக்கிற நீரையே துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய பூச்சியைக் கூட மறுபடி கிணற்றில் விடுகிற வீட்டில் பிறந்தவன் ஜினேந்திரன். கை சும்மா இருக்குமா? பாசியை வாளியில் அள்ளி, கடல்நீர் ஊற்றி, கரைச் சரிவில் இறங்கிக் கடலில் விட்டுவிட்டு வருவான். கூட வேலை செய்தவர்கள் 'மீன்சாமி' என்று பெயர் வைத்தார்கள். அந்த விமானத்தின் பைலட்டும் அப்படித்தான் கூப்பிடுவார். ஏறுவதற்கு முன்னால், "மீன்சாமி, உன் பாசஞ்சரெல்லாம் எறங்கியாச்சா?" என்று கேட்காமல் கிளம்பமாட்டார்.

(பைலட்டுக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் என்னால் மேலே எழுத முடியாது.)

அன்று அவசரமாகக் கிளம்ப உத்தரவு. ஜினேந்திரன் மூடிகளைப் பூட்டிக்கொண்டு வந்தான். மீதியை அவன் வாயாலேயே கேளுங்கள்.

"பையில கடைசியா ஒண்ணு இருந்துச்சு. அத்த எடுத்து சட்ட பாக்கெட்ல போட்டுக்கினன். அது வரைக்கும் நல்லா தெரியுது. அப்ப சக்கரக் குழியில ஏதோ துள்ளுச்சு. கழுவும்போது உட்டுப்போன பாசி. வாளி எடுத்தாந்தன், அள்ளனன், போயி குனிஞ்சு ஊத்தனன். திரும்பி வந்தன். சாரு வந்துட்டாரு. பாசஞ்சர் எறங்கியாச்சான்னாரு. எறங்கிட்டாங்க சார்னன்."

"மூடி?"

"அதாண்டா தெரில."

"பூட்டிட்டுப் போனியா, வந்து பூட்டனியா, பூட்டவே இல்லயா?"

"தெரிலன்றன் இல்ல? கை தானா செய்ற வேல. நேத்து அச்சகத்த பூட்டனியான்னு கேட்டா உனுக்கு ஞாபகம் வருமா? பை காலியாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் பாத்தா பாக்கெட்டும் காலி. பூட்டியும் இருக்கலாம். குனியும்போது தண்ணியில உழுந்தும் இருக்கலாம்."

விமானம் ஓடுதளத்திலிருந்து கிளம்பிப் போனது. கடலில் இறங்கியது, கொஞ்ச தூரம் ஓடியது, மூக்கு தாழ்ந்து முழுகிவிட்டது. பைலட்டும் கூட இருந்த ஒயர்லெஸ்காரரும் போய்விட்டார்கள். தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் சக்கரம் தொங்கின மாதிரி இருந்தது என்றார். விசாரணையில் அதையே எடுத்துக்கொண்டார்கள். பைலட் சக்கரத்தை மடக்க மறந்தார், அதனால் இரண்டு உயிர் போயிற்று என்று முடித்தார்கள். ஜினேந்திரனை யாரும் சந்தேகப்படவில்லை. மூடி விஷயத்தை அவனே போய்ச் சொன்னான். பை காலியாக இருந்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள், போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்கள். மேலும் இரண்டு வருடம் வேலை பார்த்தான், பிறகுதான் ஊருக்கு வந்தான். விமானத்தின் அடிவயிறு கடைசி வரை கிடைக்கவில்லை.

5

லீலாவதி கேட்டது சுலபமான கதை.

"அவரு பூட்டிட்டாருன்னு எழுதுங்க. அச்சுல பாத்தா மனசு ஆறும்."

எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று வையுங்கள். மூடி மரையில் ஏறுவது, கடைசிச் சுற்றில் கை இறுகுவது, பித்தளையில் வெயில் படுவது எல்லாம் வைத்தேன். எடுத்துக்கொண்டு போய் அவன் கட்டிலருகே உட்கார்ந்து படித்தேன். முகம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"நல்லா இருக்குது" என்றான். "அப்ப சாருதான் காரணம்னு ஆவுது."

"விசாரணையிலயே அதான சொன்னாங்க?"

"அவங்க சொல்லிட்டுப் போறாங்க. நீயும் சொல்லுவியா? அவரு சம்சாரம் இருக்காங்கடா. ஓணம் வந்தா நான் கிழங்கு துன்ன மாட்டன்னு தனியா ஒரு கூட்டு செஞ்சு குடுத்து உடுவாங்க. புருசன் மறதியில தானும் செத்து கூட வந்தவரயும் சாவடிச்சாருன்னு காதுல வாங்கிக்கினு உக்காந்திருக்காங்க. அதுக்கு மேல நீ வேற அச்சடிச்சுத் தரப்போறியா?"

காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். என்ஜின் நின்றுவிட்டது என்று ஒன்று. அதற்குச் சிரித்தான். "ரெண்டு என்ஜினும் ஒண்ணா நிக்குமா? கல்யாணப் பத்திரிகையில பொண்ணு பேர மாத்தி அடிச்சவன்தான நீ, உன் கையில எல்லாம் நடக்கும்." அவன் சிரித்து மாதக்கணக்காகிறது என்று லீலாவதி உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெரிய அலை வந்தது என்று ஒன்று எழுதினேன். அதை அவனிடம் காட்டவே இல்லை. யாரையும் நோகடிக்காத முடிவை எழுதும்போது எனக்கே தூக்கம் வந்தது.

6

[இங்கே கதையை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பங்குனி முகூர்த்தம், பத்திரிகை வேலை தலைக்கு மேல் கிடந்தது. முடியாத கதைகள் என் மேஜையில் எத்தனையோ உண்டு –]

லீலாவதி மறுபடி வந்தாள். கைப்பிள்ளை சந்தனாவை இடுப்பில் வைத்திருந்தாள்.

"அண்ணே, மாத்திடுங்க. அவரு பூட்டலன்னே எழுதிடுங்க."

"இன்னாம்மா பேசற நீ?"

"யோசிச்சுட்டுத்தான் வந்தன். தப்பு பண்ணிட்டன்னு தெரிஞ்சா பிராயச்சித்தம்னு ஒண்ணு இருக்குது. பெரியவங்க முன்னால சொல்லி அழுவலாம். இத்தினி நாளு இருன்னு விரதம் குடுப்பாங்க, இருந்து முடிக்கலாம். அந்த பைலட்டு சம்சாரம் ஊருக்குப் போயி கால்ல உழலாம். தெரிலன்றதுக்கு இன்னாண்ணே இருக்குது? எதுன்னு சொல்லி விரதம் முடிப்பாரு அவரு?"

"ஊரு பேசும். நாளைக்கு சந்தனா பள்ளிக்கூடம் போவும்போது பேசுவாங்க. உன் நைனா ரெண்டு பேர சாவடிச்சவருன்னு."

"பேசட்டும். நைனா உசுரோட இருந்தா போதும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இவளுடைய புருஷன் குற்றவாளி என்று நான் எழுத வேண்டும், அதுவும் இவள் கேட்டு. பைலட்டின் மனைவிக்கு அது நல்லது, அவர் கணவர் மேல் விழுந்த பழி போய்விடும். ஜினேந்திரனுக்கும் நல்லதாம். நடந்ததா என்று மட்டும் யாருக்கும் தெரியாது. இவ்வளவு பேருக்கு நன்மை செய்யும் பொய்யை நான் இதற்கு முன் அச்சடித்ததில்லை.

எழுதினேன். குனிந்தான், வாளியைக் கவிழ்த்தான், பாக்கெட்டிலிருந்து பித்தளை நழுவித் தண்ணீரில் விழுந்தது, மீன்கள் கலைந்து ஓடின, அவன் கவனிக்கவில்லை. நாலே வரி.

7

இன்று சாயங்காலம் அதைப் படித்துக் காட்டினேன். பித்தளை நழுவியது என்ற இடத்தில் கண்ணைத் திறந்தான்.

"நீ பாத்தியா?"

நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"லீலா சொல்லி எழுதனியா?"

காகிதத்தை மடித்தேன்.

"போன வாரம் பூட்டனன்ன. இந்த வாரம் பூட்டலன்ற. நான் சோறு துன்னணும்னு நீ எத்த வோணா எழுதுவ. உன்ன எப்பிடிடா நம்பறது?" குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "என்னத் தெரியாதவன் எவனாச்சும் சொல்லட்டும். நான் பொழச்சா லாபம், செத்தா நஷ்டம்னு இல்லாதவன். கேட்டுக்கறன்."

"எதச் சொன்னாலுமா?"

"எதச் சொன்னாலும். எழுந்து வந்து துன்றன்."

லீலாவதி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள்.

8

ஆகவே, இதுவரை படித்தவரே, உங்களிடம்தான் வருகிறேன். நான் முடித்தால் செல்லாது என்று ஆகிவிட்டது. எனக்கு அவன் வேண்டும், அதனால் என் சொல் கெட்டுப்போய்விட்டது. உங்களுக்கு அவன் யாரோ. பை காலி, பாக்கெட் காலி, தூரத்தில் இருந்தவர் பார்த்த சக்கரம், குனிந்த இடம் என்று அவனுக்குத் தெரிந்த அத்தனையும் உங்களுக்கும் தெரியும். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது.

பூட்டினான் என்று சொன்னால் ஓணத்துக்குக் கூட்டு அனுப்பிய அம்மாளிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பூட்டவில்லை என்று சொன்னால் சந்தனாவிடம். தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைத்தான் அவன் மூன்று வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறான்.

நான் உங்களை இழுத்தடிக்கவில்லை. இவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிட மாட்டார்கள், விளக்கு வைத்துவிட்டால் இலை எடுத்துவிடுவார்கள். நாளை என்று தள்ளலாம்தான். ஆனால் அவன் இன்று கட்டிலிலிருந்து இறங்கவே சுவரைப் பிடித்துக்கொண்டான். நாளையை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இலை போட்டாயிற்று. லீலாவதி குழைந்த சோறும் பருப்பும் வைத்துவிட்டு நகர்ந்து நிற்கிறாள். ராஜகிரி மலையின் நிழல் தெருவைத் தாண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அவன் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டான், கையை மடியில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை. நீங்கள் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சொல்லுங்கள். பூட்டினானா?