விழுகிற சுவிட்ச்

"சும்மா சும்மா விழுந்துகிட்டே இருந்துச்சு. அதான் கழட்டிப்புட்டு நேரா குடுத்துட்டேன்" என்றார் ஜொனி அண்ணன், பெரிய வேலை முடித்த முகத்தோடு.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் சுவரிலிருந்த போர்டைத் திறந்தேன். ட்ரிப் சுவிட்ச் இருந்த இடத்தில் இரண்டு வயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். அங்கிருந்து ஒரு நீள வயர், சேறான முற்றத்தைக் கடந்து மாதாவின் தேருக்குப் போனது. தேர் என்றால் இரும்புக் குழாய்களை ஒட்டிச் செய்த வண்டி. உடம்பெல்லாம் சீரியல் பல்பு. காலையிலிருந்து தூறல்.

"அண்ணே, எங்கயோ கரண்ட் கசியுது. அதாலதான் விழுது. ஆளக் காப்பாத்தத்தான் அது விழுறதே."

"எஞ்சினியரம்மா, நீங்க பொறக்க முந்தியே இந்தத் தோட்டத்துக்கு வயர் இழுத்தவன் நான்." சுவிட்சைப் போட்டுவிட்டு, ரப்பர் செருப்போடு போய்த் தேரின் இரும்பைத் தொட்டுக் காட்டினார். "பாருங்க. செத்துட்டனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை. மின் பாதுகாப்பு. ஏற்கனவே பெயிலான பாடம். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரம் பாய்ந்தால் இதயம் நிற்கும் என்று பேராதனை கெம்பஸில் விரிவுரையாளர் ஒருநாள் என்னைக் கேட்டார். தெரியும். இங்கிலீஷ்தான் வாயில் வரவில்லை. பின்வரிசைப் பையன் அதே விடையைச் சொல்லிப் பாராட்டு வாங்கினான். சரி, இங்கே தமிழில்தானே சொன்னேன்? இங்கே யாருக்குக் கேட்டது?

அப்பா வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "ஃபாதர்கிட்ட சொல்லியாச்சு, எம்மவ எல்லாத்தையும் செக் பண்ணிட்டான்னு. மைக்குலயே சொல்லிட்டாரு, கேட்டியா?"

"நான் இப்பத்தானேப்பா போர்டையே பாக்குறேன்! சுவிட்ச திருப்பி மாட்டச் சொல்லுங்க."

"மாட்டுனா லைட் நிக்காதே. மாதா இருட்டுலயா போவும்?"

"போகட்டும்."

அப்பாவின் முகம் சுருங்கியது. "நாலு பேரு முன்னால என்னய அசிங்கப்படுத்தாத, நிலூஷா."

பட்டம் வாங்கித் தரப்போகிற மகள் வேண்டும். அவள் பேச்சு வேண்டாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

இருட்டியதும் செபமாலை தொடங்கியது. பல்புகள் எரிந்தன, சனம் "ஆ" என்றது. தேர் தள்ளுகிறவர்கள் வரிசைக்கு வந்தார்கள். அப்பாதான் முதல் ஆள். நான் கெம்பஸுக்கு எடுபட்ட வருஷம் அவர் மாதாவுக்கு வைத்த நேர்த்தி அது: நான் படித்து முடிக்கும்வரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவர் வெறுங்காலோடு தேர் தள்ள வேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஈரச் சேற்றில் இறங்கினார். இரும்பைத் தொடுகிற உடம்பு வழியாகத்தான் கசிகிற கரண்ட் மண்ணுக்கு இறங்கும். கணக்கு எதுவும் போடத் தோன்றவில்லை. அவர் கை நீண்டது.

மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தேன்.

மாதா இருட்டில் மறைந்தாள். செபம் பாதியில் நின்றது. "எவன்டா அது?" என்று ஜொனி அண்ணன் கத்தினார். போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி என் முகத்தில் விழுந்தன. "வின்சன்ட் மவதான்" என்றது ஒரு பெண் குரல்.

அப்பா சேறு மிதித்து வந்து எதிரே நின்றார். மூச்சு வாங்கியது.

"போடு."

"மாட்டேன்."

"போடும்மா. சனம் பாக்குது."

நான் போர்டை முதுகால் மறைத்துக்கொண்டேன். அவருடைய ஈரக் கை என் தோளுக்கு மேலாக, இருட்டில் சுவிட்சைத் தேடி வந்தது.