தங்கை போட்ட தட்டு

பல் மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் மாடியில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி தன் முதல் நோயாளிக்கு மாட்டிவிட்ட அலைனர், அந்த நோயாளியின் பல்லை இழையளவும் நகர்த்தாமல், ஊரின் மறுகோடியில் இருந்த, நோயாளியுடைய அக்காவின் பல்லை நகர்த்தியது. விஷயம் வெளியே தெரிய அரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அந்த மாடியில் ஒருவரையொருவர் சந்தேகப்படாத ஆள் மிச்சமில்லை.

மாணவியை எல்லோரும் 'டவுட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாண்டில் ஒரு வகுப்பில் எழுந்து கேட்ட கேள்விக்கு ஒட்டிக்கொண்ட பெயர், கழுவினாலும் போகவில்லை. அந்த வருஷம்தான் கல்லூரியில் அலைனர் சிகிச்சையைப் பாடமாக்கியிருந்தார்கள். கம்பி இல்லை, முடுக்கல் இல்லை. பல்லின்மேல் உறைபோல் உட்காரும் மெல்லிய, கண்ணாடி மாதிரியான தட்டு. வாயை ஸ்கேன் செய்து, பல் எங்கே போக வேண்டும் என்று கணினியில் திட்டம் போட்டு, வரிசையாகத் தட்டுகள் செய்து, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் தவிர கழற்றக் கூடாது. மாணவர்கள் முதலில் பொம்மைத் தாடையில் பழகினார்கள். பொம்மைத் தாடை ஒருநாளும் பொய் சொல்லாது, நோயாளி வாயைத் திறந்ததும் முதலில் வருவது பொய்தான் என்று துறைத் தலைவி சொல்லிவைத்திருந்தார். முப்பது வருஷமாகப் பிறர் வாயைப் பார்த்துப் பார்த்து, கணவர் கொட்டாவி விட்டாலும் ஏன் என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்ட பெண்மணி அவர்.

டவுட்டுக்கு வாய்த்த நோயாளி பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள். நாற்பதைத் தாண்டியவள். மேல் வரிசையில் அப்பா வழியாக வந்த தெற்றுப்பல் ஒன்று உதட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது. முகத்தை யாருமே பார்க்காத வேலை செய்கிறவளுக்குத் திடீரென்று எதற்குப் பல்வரிசை என்று டவுட்டுக்கு அப்போதே உறுத்தியது. கேட்டதற்கு, "நான் பாக்கறேன்ல கண்ணாடில?" என்று பதில் வந்தது. அதற்குமேல் கேட்க வழியில்லை.

முதல் தட்டு மாட்டி இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது பல் இருந்த இடத்தில் இருந்தது. இரண்டாவது தட்டுக்குப் பிறகும் அப்படியே. நோயாளி போட்டுக்கொள்வதில்லை என்று டவுட்டு முடிவு கட்டினாள். தட்டின் ஓரத்தில் ஒரு நீலப் புள்ளி உண்டு. வாயில் கிடக்கக் கிடக்க அது வெளுக்கும். எடுத்துப் பார்த்தால் புள்ளி துடைத்தாற்போல் வெளுத்திருந்தது. வெந்நீரில் ஊறவைத்தாலும் வெளுக்கும் என்றார் துறைத் தலைவி. ஒருநாள் டவுட்டு யாரிடமும் சொல்லாமல் பேருந்து நிலையத்துக்கே போய், அறிவிப்பு அறையின் கண்ணாடிக்கு எதிரே, வராத பேருந்துக்குக் காத்திருப்பவள்போல் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பாளர் தட்டைக் கழற்றிச் சாப்பிட்டாள், பல் துலக்கினாள், கழுவித் திரும்ப மாட்டிக்கொண்டாள். பிறகு ஒலிபெருக்கியில், மூன்றாம் நடைமேடையில் வெள்ளைக் கோட்டைப் பைக்குள் சுருட்டி வைத்திருக்கும் பெண் தயவுசெய்து வீட்டுக்குப் போகவும் என்று தெளிவான உச்சரிப்பில் அறிவித்தாள்.

அந்தத் தெளிவுதான் டவுட்டை மேலும் குழப்பியது. புதிதாக அலைனர் போட்டவர்கள் எல்லோருக்கும் கொஞ்ச நாள் நாக்கு குழறும். இவளுக்கு ஒரு எழுத்துகூடச் சறுக்கவில்லை. இன்னொரு கோளாறும் இருந்தது. பல் நகராவிட்டால் அடுத்த தட்டு உட்காரக் கூடாது. இவளுக்கோ மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் டக்கென்று உட்கார்ந்தன. மாணவி பழைய தட்டையே புதியது என்று மாட்டி ஏமாற்றுகிறாள் என்று துறைத் தலைவி நினைத்தார். கல்லூரி தன் தலையில் வேறு யாருக்கோ செய்த தட்டைக் கட்டிவிட்டது என்று அறிவிப்பாளர் நினைத்தாள். இந்த நோயாளியை முடித்துக் காட்டாவிட்டால் தேர்வில் உட்கார முடியாது. ஒரு வருஷம் போய்விடும். ஸ்கேனரையே நம்பாமல் டவுட்டு தன் வாயை இரண்டு முறை ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டாள்.

ஊரின் மறுகோடியில் அறிவிப்பாளரின் அக்கா ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. தங்கை முதல் தட்டைப் போட்ட அன்று அவளுக்கு வகுப்பில் 'சதுரம்' என்ற சொல் வாயில் வரவில்லை. 'ஷதுரம்' என்றாள். பிள்ளைகள் வாரம் முழுக்க ஷதுரம் வரைந்தார்கள். பிறகு பல் கூசியது, ஈறு இறுகியது, உதட்டைத் தள்ளிக்கொண்டிருந்த தெற்றுப்பல் மெல்ல உள்ளே போகத் தொடங்கியது. முதலில் கவனித்தது கணவர். இருபது வருஷம் திரும்பிப் பார்க்காத மனிதர் இப்போது பார்த்தார். யாருக்காக இந்த அலங்காரம் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையைக் குடைந்தார். சீப்பும் சுண்ணக்கட்டியும்தான் இருந்தன. அது அவர் சந்தேகத்தை இன்னும் வலுவாக்கியது. அவளோ அவர் வாங்கி வந்த பற்பசையைச் சந்தேகப்பட்டு, உப்பு வைத்துப் பல் துலக்கினாள். ஒன்றும் நிற்காமல் போகவே, ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு வந்தாள்.

அவளைப் பார்த்தவன் டவுட்டுக்குப் பக்கத்து நாற்காலி மாணவன். ஸ்கேன் படம் திரையில் வந்தபோது டவுட்டு கை கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வந்து நின்றுவிட்டாள். மாதக்கணக்கில் வெறித்து வெறித்துப் பார்த்த திட்டம் அது. தன் நோயாளிக்கு இந்நேரம் பல் எங்கே வந்திருக்க வேண்டுமோ, அங்கே இந்த அம்மாளுக்கு வந்திருந்தது.

"மேடம், உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

"இருந்தா."

"ஐயோ, தவறிட்டாங்களா?"

"பேச்சு இல்ல," என்றாள் அக்கா. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "யாரு அனுப்புனா உன்ன?" என்றாள்.

துறைத் தலைவி இருவரையும் ஒரே நாளில் வரவழைத்தார். மாணவியும் இரண்டு பெண்களும் சேர்ந்து தன்னை முட்டாளாக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. நடுவே தடுப்பு வைத்து ஒருத்தியை அந்தப் பக்கமும் ஒருத்தியை இந்தப் பக்கமும் உட்காரவைத்தார். சைகை காட்டித் தங்கையிடம் தட்டைக் கழற்றச் சொன்னதும், தடுப்புக்கு அப்பால் அக்கா கன்னத்தைத் தொட்டு, "விட்டுடுச்சு" என்றாள். மாட்டச் சொன்னதும் முகத்தைச் சுளித்தாள். திரும்பத் திரும்பச் செய்தும் ஒருமுறைகூடத் தவறவில்லை. கடைசியில் துறைத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அக்காவுக்குத் தட்டு செய்தால் தங்கைக்கு நகருமா என்று பார்த்துவிடலாம் என்றார், மருந்தை மாற்றித் தரும் குரலில்.

தடுப்பை எடுத்ததும் சண்டை தொடங்கியது.

"இவளுக்காக நான் எதுக்கு வாயக் கட்டிக்கிட்டு அலையணும்?" என்றாள் அக்கா.

"பாத்தீங்களா? வலியெடுத்து மாட்டிக்கிட்டது நானு. பல்லு வரிசையா வந்தது அவளுக்கு. எங்க வீட்ல எல்லாமே இப்படித்தான் நடந்துச்சு."

"வலி உனக்கா? எனக்குடி வலி!"

அவர்கள் பேசாமல் போன கதை அப்போதுதான் மாடி முழுக்கத் தெரிந்தது. அம்மா நோயில் படுத்த பிறகு இரண்டு பெண்களும் முறை வைத்து அவளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் அவள் இருப்பாள் என்று இவளும் இவள் இருப்பாள் என்று அவளும் இருந்துவிட்டார்கள். அம்மா குளியலறையில் விழுந்து, கூப்பிட ஆளில்லாமல் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு யாருடைய முறை என்பதில் இருவருக்கும் தலா ஒரு நிச்சயம் இருந்தது. மற்றவள் தெரிந்தே பொய் சொல்கிறாள் என்பதிலும். அம்மாவின் காரியம் முடிந்த கையோடு வாசலில் பிரிந்தவர்கள், நாற்காலியில் படுத்து வாயைப் பிளந்துகொண்டுதான் மறுபடி சந்தித்தார்கள்.

அன்று இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு தனித்தனிப் பேருந்தில் போனார்கள். தங்கை தட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். அக்காவின் பல் பாதி வழியில் நின்றது. அங்கே உறுதிப்படவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை, ஆடத் தொடங்கியது. மேலும் கீழும் சேரவில்லை. கஞ்சியும் பாலுமாக நாட்களைத் தள்ளினாள். கணவர், தங்கையின் கதையைக் கேட்டபின், ஒரு பக்கம் நிம்மதியாகவும் ஒரு பக்கம் நம்பாமலும், சாதத்தைக் குழைய வடித்துக் கொடுத்தார். டவுட்டு இரண்டு வீட்டுக்கும் நடந்தாள். இரண்டு வீட்டிலும் கதவு பாதிதான் திறந்தது.

ஒரு மத்தியானம் அக்கா பலகையில் முக்கோணம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். மூன்றாவது பக்கத்தை இழுக்கும்போது வாய்க்குள் ஏதோ வந்து உட்கார்ந்தது. மெதுவாக, முதலில் முன்பற்களில், பிறகு இரண்டு பக்கமும், யாரோ கட்டைவிரலால் அழுத்திவிடுவதுபோல் இறுகியது. ஃபோன் வரவில்லை, ஆள் வரவில்லை, சமாதானம் சொல்லி யாரும் எதுவும் அனுப்பவில்லை. இறுக்கம் மட்டும் வந்தது. பிள்ளைகள் முக்கோணம் முடியக் காத்திருந்தார்கள். அக்கா சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடி, சுவரைப் பார்த்து நின்று, அவர்களுக்கு முகத்தைக் காட்டாமல் கொஞ்ச நேரம் அழுதாள். மறுநாள் கல்லூரிக்கு வந்து, எனக்கும் தட்டு செய் என்று டவுட்டிடம் சொன்னாள்.

ஏன் திரும்பப் போட்டீர்கள் என்று டவுட்டு தங்கையிடம் கேட்டாள். தங்கை டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "அவளுக்குக் கடிக்க முடியாதுல்ல," என்றாள்.

அக்கா தட்டைப் போட்ட வாரமே தங்கையின் தெற்றுப்பல் அசைந்தது. ஒலிபெருக்கியில் முதன்முறையாக நாக்கு குழறி, எட்டாம் நடைமேடையை அவள் 'ஏழாம் நடைமேழை' ஆக்கியதில் ஒரு கூட்டம் தவறான பேருந்தில் ஏறியது. இனி சந்தேகப்பட இடமில்லாமல் போயிற்று. அவளவள் போட்டிருக்கிறாளா இல்லையா என்பதை மற்றவளின் வாயே சொல்லிவிடும். இத்தனை வருஷத்தில் முதல் ஃபோனைத் தங்கைதான் போட்டாள்.

"கழட்டிட்டியா?"

"சாப்பிடறேன்டி."

"இவ்ளோ நேரமா?"

"மெதுவாத்தானே சாப்பிட முடியுது. நீ உன்னோடத கழட்டு, நான் சீக்கிரம் மென்னு முடிக்கறேன்."

அதற்குப் பிறகு தினமும் பேசினார்கள், பெரும்பாலும் திட்டிக்கொள்ள. அன்றைக்கு யார் முறை என்ற வழக்கும் நடுநடுவே வந்தது. இரண்டு பேரும் அவரவர் சொன்னதிலேயே நின்றார்கள், ஃபோனை மட்டும் யாரும் வைத்துவிடவில்லை. ஒன்றரை வருஷத்தில் இரண்டு வாயும் நேராயின. டவுட்டு ஒரு தேர்வைத் தவறவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ஒரு நோயாளிக்கு ஏன் இரண்டு பேரைக் காட்டுகிறாய் என்று கேட்டார். அவள் விளக்கினாள். அவர் ஸ்கேன்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ஈறு ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லி மதிப்பெண் போட்டார்.

அடுத்த கல்வியாண்டில் ஒரு பையனின் தட்டு வீட்டை விட்டுப் போன அவன் அப்பாவின் பல்லை நகர்த்தியபோது யாரும் கூட்டம் கூடவில்லை. துறைத் தலைவி அதைப் பாடத்தில் சேர்த்துவிட்டார். இப்போது அந்த மாடியில் புது நோயாளி படுத்ததும் மாணவர்கள் வரிசையாகக் கேட்கிறார்கள்: சர்க்கரை இருக்கா, ரத்த அழுத்தம் இருக்கா, ஏதாவது மருந்து ஒத்துக்காதா, சொந்தத்துல யார்கூடயாவது பேசாம இருக்கீங்களா? முதல் மூன்றுக்கும் உடனே பதில் வந்துவிடும். நான்காவதுக்கு எல்லோரும் தலைக்கு மேலே எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டு "இல்லையே" என்பார்கள். மாணவர்கள் ஸ்கேனரைக் கையில் பிடித்தபடி, அவசரப்படாமல் காத்திருப்பார்கள்.