குழிமேட்டு மண்

துதிப்பாட்டின் இரண்டாவது அடியில் லாஷோங்வே பாடுவதை நிறுத்தினாள். திறந்த கதவுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், கணவர் வளர்த்த செடியில் ஒரு பூத்தலை விரிந்து பஞ்சாகியிருந்தது.

அவள் கணவர் எலியாஸ் மாவுசோ செவ்வாய்க்கிழமை சோளக்களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணை மூடினார். நல்ல வயது, நல்ல சாவு. அன்றிலிருந்து அவள், முறைப்படி சாமான்களை ஒழித்த அறையில், தரையில் போட்ட மெத்தைமேல், போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். இன்று சனிக்கிழமை, அடக்கம். அதற்குப் பிறகும் துக்கம் கழுவும் சடங்குவரை ஒரு மாதம் வீட்டு மண்ணைக் கொத்தக்கூடாது, விதைக்கக்கூடாது.

இந்த விதை ஒரு மாதம் தாங்காது.

பார்பர்டன் மலைச்சரிவெங்கும் இந்தப் பூ சிவப்பாகத்தான் பூக்கும். காட்டுச் சாலை போட்டபோது, வெளிர்மஞ்சளாக நின்ற ஒன்றை, புல்டோசர் வருவதற்குள் கல்லோடு ஆழத் தோண்டிக்கொண்டு வந்தவர் எலியாஸ். வந்ததும் குருத்தை மண்ணால் மூடி, எருவையும் கொட்டினார்.

"கழுத்துவரைக்கும் புதைச்சா நீங்க மூச்சு விடுவீங்களா?" என்று அவள்தான் மண்ணை விலக்கிவிட்டாள்.

பிறகு பூத்தது, விதை மட்டும் பிடிக்கவில்லை. இந்த வசந்தத்தில் சவரப் பிரஷ்ஷோடு சரிவேறி, சிவப்புப் பூக்களின் மகரந்தத்தை ஒற்றி வந்து தடவினார். "உங்க பிரஷ் மலையில மேயுது, தாடி இங்க வளருது" என்று அவள் சிரித்தாள். விதையில் வரும் குட்டிச்செடி மஞ்சளாகப் பூக்குமா, சிவப்பாகவா? அதைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தார். இப்போது அந்த ஆசை அவளிடம் இருந்தது.

"அண்ணி" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த எலியாஸின் அக்கா கேர்லி குனிந்தாள். வீட்டில் முறை தவறாமல் பார்த்துக்கொள்பவள் அவள்தான். "தண்ணியா?"

"அந்தப் பூ விரிஞ்சிடுச்சு. காத்தடிச்சா போயிடும்."

"புருஷன் பெட்டியில கிடக்கான், உனக்குப் பூவா?"

"அவரோட பூ, அண்ணி."

கேர்லி வெளியே எட்டிப் பார்த்தாள். "பறிக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல. விதைக்கத்தான் கூடாது." சர்ச் மாதர் சங்கச் சீருடையான சிவப்புச் சட்டையோடு போய், விதைப் பஞ்சைக் கைக்குட்டையில் பொத்திக்கொண்டு வந்தாள். "பாதி பதரு."

"குண்டா இருக்கிறது முளைக்கும்."

"டப்பாவுல போட்டு வை."

"செத்துடும்."

"இந்தப் பூவும் என் தம்பி மாதிரியே இருக்கு. அவனும் எதையும் சௌகரியமான நேரத்துல செஞ்சதில்ல."

அடக்கம் வீட்டுக்கு மேலே, சரிவில் நடந்தது. ஊர் இளைஞர்கள் மாறிமாறி மண் தள்ளினார்கள். போதகர் முடித்ததும் கூட்டம் கைகழுவவும் சாப்பிடவும் இறங்கத் தொடங்கியது. லாஷோங்வே நகரவில்லை. குழிமேட்டில் கல் கலந்த மண், பொலபொலவென்று கிடந்தது. சரிவில் தண்ணீர் நிற்காது.

"அண்ணி, இந்த மண்ணை இன்னைக்கு வெட்டலாம்னா, இதுல விதைக்கவும்..."

கேர்லி மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்வெட்டிக்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"இது வீட்டு மண் இல்ல" என்றாள் கடைசியில். "வெட்டினதும் நாம இல்ல. நீ கை வைக்காத. எப்படின்னு மட்டும் சொல்லு."

"பஞ்சு மேல பாத்து நிக்கணும். மூடிடாதீங்க."

கேர்லி முனகிக்கொண்டே முட்டி போட்டாள். கைக்குட்டையிலிருந்து குண்டு விதையாகப் பொறுக்கி ஒவ்வொன்றாகச் செருகினாள்.

"தண்ணி?"

"தினம் காலையில, கொஞ்சமா."

"யாரு ஏறி வர்றது? நாளையிலருந்து ஒரு மாசம் நீ வாசல் தாண்டக்கூடாது."



கேர்லி இன்னொரு விதையைச் செருகினாள். பிறகு, மண்வெட்டியோடு நின்ற ஒருவனிடம், "நாளைக்கு என் ஊருக்குத் திரும்பிப் போக டாக்ஸி சொல்லியிருந்தேன். வேண்டாம்னு சொல்லிடு" என்றாள்.

கீழேயிருந்து காற்று ஏறி வந்தது. லாஷோங்வே அந்தப் பக்கமாகப் போய் நின்று, போர்வையை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தாள்.