தீவுக்குப் போய் ஸ்டூல் கேட்டவள்

படகுத்துறையில் இறங்கியதும் அவள் "ஏங்க!" என்று கூப்பிட்டாள். நான்கு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குச் சொந்தமான ஆள் மட்டும் திரும்பவில்லை. அவர் கம்பத்து உச்சியில் கட்டியிருந்த ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "கூம்பைக் கடல் பக்கம் திருப்பி வச்சிருக்கான் பாரு. மீனுக்கா அறிவிப்பு குடுக்கறான்?" என்று காற்றிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்யாணம், கூட்டம், கடைத் திறப்பு என எதுவானாலும் மைக்செட் கட்டுவது அவர் தொழில். தெருவில் அவருக்குப் பெயரே மைக்செட்டுதான். அவளையும் 'மைக்செட்டு சம்சாரம்' என்றுதான் சொல்வார்கள். இத்தனைக்கும் அந்தச் சம்சாரம் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். ஒரு வரிசை நிறையத் தையல் மெஷின்கள், வரிசை முடிகிற இடத்தில் தைத்த துணியில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் மேஜை. அத்தனை பேரையும் கட்டி மேய்ப்பது அவள் வேலை. இந்த வருஷம் அவள் வரிசையில்தான் பழுது மிகக் குறைவு. அதற்குப் பரிசாக, மற்றக் கிளைகளில் ஜெயித்தவர்களோடு சேர்த்து, கணவன் மனைவியாகத் தீவில் இரண்டு நாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்து போன இடமெல்லாம் ஆஸ்பத்திரியும் சொந்தக்காரர் வீடும்தான். தண்ணீரைத் தாண்டியது இதுவே முதல் முறை.

விடுதி வரவேற்பில் அவளுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். அவருக்கு ஒரு கழுத்தட்டை கொடுத்தார்கள். அதில் 'துணைவர்' என்று அச்சடித்திருந்தது. ஊரில் எந்த மேடையானாலும் அவர் வந்து தட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் பேச முடியும். அப்பேர்ப்பட்டவருக்கு அது முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு, இந்தத் தீவில் அவளுக்குத் துணைவர் என்று இந்த அட்டையைப் போட்டுக்கொள்ளும் உரிமை உள்ள ஆள் நான் ஒருவன்தானே என்று தோன்றியது. காற்றில் அட்டை புரண்டபோதெல்லாம் எழுத்து வெளியே தெரியும்படி திருப்பி விட்டுக்கொண்டார்.

அறைக்குள் நுழைந்ததும் ஆளுக்கொரு பக்கம் சோதனை போட்டார்கள். ஜன்னல் நிறையக் கடல். பச்சை எங்கே முடிகிறது, நீலம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாத கடல். அதைப் பார்க்காமல் அவள் ஜன்னல் திரையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"நூல் விட்டுப் போயிருக்கு. நம்ம மேஜைல இது பாஸ் ஆகாது."

அவர் கட்டில்மேல் ஏறி நின்று, கூரையில் பதித்திருந்த சின்ன ஸ்பீக்கரில் காதை வைத்தார். "இரையுதும்மா. எர்த் சரியில்ல."

கட்டிலில் டவலைக் கொக்கு மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அதைக் கலைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. குளித்துவிட்டு வந்து, கொண்டுவந்திருந்த பழைய துண்டாலேயே துடைத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கரையோரம் நடந்தார்கள். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கறுப்புப் பாறைகள் யானைக் கூட்டம் படுத்துக் கிடப்பதுபோல் கிடந்தன. அதில் ஒன்றின் முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள். அலை வந்து பாறையில் முட்டி, வெள்ளையாகச் சிதறி, இவர்கள் காலை நனைத்துவிட்டுப் போனது. இவ்வளவு அழகான இடத்தில் மனைவியிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "காத்து நல்லா வருதில்ல?" என்றார்.

"சாயங்காலம் என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க" என்றாள் அவள்.

"நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லு, குடுக்கறத வாங்கு, வந்து உக்காரு. அவ்வளவுதான்."

"நன்றி சொல்லுவேன். அப்புறம் ஸ்டூல் கேப்பேன்."

"என்னது?"

"செக்கிங் பொண்ணுங்களுக்கு ஸ்டூல். நாள் பூரா நின்னுக்கிட்டே பாக்கறாங்க. மாசமா இருக்கற பொண்ணு ஒருத்தி முடியாம துணி மூட்டை மேல உக்காந்துட்டா, மேனேஜர் அரை நாள் சம்பளத்தைப் பிடிச்சிட்டாரு. நானும் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். உக்காந்தா தூக்கம் வரும்னு சொல்றாரு. அதையும் உக்காந்துக்கிட்டேதான் சொல்றாரு."

அவருக்குப் பாறை லேசாக ஆடியது. "இந்தாம்மா. செலவு பண்ணி தீவைக் காட்டறாரு உங்க முதலாளி. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"உப்பு வேணும்னா இங்க கடல் பூரா இருக்கு. எனக்கு ஸ்டூல் வேணும்."

"அத்தனை பேர் முன்னாடி கேட்டா முதலாளிக்கு மூஞ்சி சுருங்கும். நாளைக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டா? பொண்ணு கடைசி வருஷம் படிக்கறா. என் தொழில் இப்ப எப்படி ஓடுதுன்னு உனக்கே தெரியும். ஆளாளுக்கு கையடக்கமா ஒரு பெட்டி வாங்கி வச்சிக்கிட்டு பாட்டு போடறான்."

"தெரியும். அதான் மேனேஜர் ரூம்ல கேக்காம இங்க கேக்கறேன். அங்க இல்லைன்னு சொல்றது சுலபம். இங்க மத்தக் கிளை ஆளுங்க, அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் இருப்பாங்க. வரும்போது அந்தப் பொண்ணுங்ககிட்ட கேட்டுட்டு வரேன்னு சொல்லிட்டேங்க. வெறுங்கையோட போயி எந்த முகத்தோட அவங்க முன்னாடி நிப்பேன்?"

அவருக்கு இரண்டு பயம். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பங்கு. அவள் மேடையில் தடுமாறி நிற்பாள், நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயம் மூன்று பங்கு. வீட்டில் அவள் குரல் கதவிடுக்கில் நுழைகிற குரல். பேச்சுக்கு வீட்டில் ஓர் ஆள் போதும் என்று அவரே அந்த வேலையை எடுத்துக்கொண்டிருந்தார். பெரிய பெரிய வாய்வீச்சுக்காரர்கள் மைக்கைக் கண்டதும் நாக்கு உலர்ந்து நின்றதை அவர் கண்ணாரக் கண்டிருக்கிறார்.

அந்த மாதிரி நேரத்துக்கென்று அவர் தொழிலில் ஒரு தர்மம் உண்டு. மாப்பிள்ளையின் தாய்மாமன் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்தால், பேச்சாளர் அழ ஆரம்பித்துவிட்டால், ஆம்ப்ளிஃபயரில் செருகியிருக்கும் மைக் ஒயரின் பின்னைச் சத்தமில்லாமல் லேசாக உருவிவிடுவார். "கனெக்‌ஷன் போயிடுச்சு" என்று உதட்டைப் பிதுக்குவார். பழி ஒயருக்கு, மானம் மனிதனுக்கு. இப்படி அவர் காப்பாற்றிய குடும்பங்கள் ஊரில் நிறைய. காப்பாற்றப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. மைக்செட் சரியில்லை என்று வாடகையில் குறைத்துக் கொடுத்தவர்கள்தான் அதிகம்.

சாயங்காலம் கடற்கரை மணலிலேயே மேடை போட்டிருந்தார்கள். பரிசு பெற்றவர்கள், அவர்களுடைய துணைகள், நடுவில் முதலாளி, பக்கத்தில் முதலாளியின் மனைவி, சற்றுத் தள்ளி மேனேஜர். மைக்செட்டு நாற்காலியில் உட்காராமல் நேராக ஆம்ப்ளிஃபயர் இருந்த இடத்துக்குப் போனார். விடுதியின் சவுண்டுக்காரர் ஒரு தடித்த மீசை ஆசாமி.

"நானும் நம்ம லைன்தான்" என்றார் அவர்.

"அப்படியா? வாங்க, வாங்க" என்று மீசை இடம் விட்டது. தொழில்காரனுக்குத் தொழில்காரன் ஒயரைத் தொட விடுவது பெரிய மரியாதை. அந்த மரியாதையை எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்று நினைத்தபோது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். மைக் முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தத் தீவு ரொம்ப அழகா இருக்கு. கூட்டிட்டு வந்த முதலாளிக்கு நன்றி."

அதோடு நின்றாள். கடலைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. ஒரு கணம் போனது. இன்னொரு கணமும் போனது. முன்வரிசையில் யாரோ செருமினார்கள்.

போச்சு, தடுமாறிவிட்டாள் என்று அவர் முடிவு கட்டினார். கை தானாக ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் போனது. பின்னை உருவினார். ஸ்பீக்கர் 'டப்' என்று செத்தது.

அவள் மைக்கை ஒரு தட்டு தட்டினாள். மேஜைமேல் படுக்க வைத்தாள். கடைசி வரிசையை நிமிர்ந்து பார்த்தாள்.

"மைக் போயிடுச்சு. பரவால்ல. எங்க ஹால்ல அத்தனை மெஷினும் ஓடும்போது மைக்கா வச்சிருக்கோம்?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கத்தல் இல்லை. கத்தினால் குரல் பிசிறடிக்கும், அது அவருக்குத் தெரியும். இது நடுவயிற்றிலிருந்து கிளம்பி, அலைச் சத்தத்தின் தலைக்கு மேலே நடந்து, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்த குரல். எந்தக் கூம்பு வைத்தும் இவ்வளவு சுத்தமான சத்தத்தை அவர் கொண்டுவந்ததில்லை. அவள் வேலை செய்யும் ஹாலுக்குள் அவர் இதுவரை போனதே இல்லை. வாசலில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்.

"பழுது கம்மின்னு எனக்குப் பரிசு குடுத்திருக்கீங்க. பழுதைக் கண்டுபிடிக்கறது நான் இல்லைங்க, செக்கிங் பொண்ணுங்க. காலைல நின்னா சாயங்காலம் வரைக்கும் நிக்கறாங்க. நான் இங்க வந்ததுலேர்ந்து உக்காந்துதான் இருக்கேன். படகுல உக்காந்தேன், பாறைல உக்காந்தேன். ரூம்ல ரெண்டு சோபா. ஒண்ணுல நான் உக்காந்தேன், இன்னொண்ணுல என் பை உக்காந்துச்சு. என் பை உக்காருது, அவங்க நிக்கறாங்க. எனக்கு மனசு கேக்கலைங்க. அவங்களுக்கு ஆளுக்கொரு ஸ்டூல் வேணும்."

அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"உக்காந்தா தூக்கம் வரும்னு ஒரு பேச்சு இருக்கு. எங்க மேனேஜர் சார் வருஷம் பூரா உக்காந்துதான் வேலை பாக்கறாரு. அவரு தூங்கி நான் ஒரு நாளும் பாத்ததில்ல."

முதலில் சிரித்தது முதலாளியின் மனைவி. அப்புறம் எல்லோரும். இது பாராட்டா, குத்தலா என்று புரியாமல் மேனேஜரும் எழுந்து நின்று கும்பிட்டார். முதலாளி தாடையைத் தடவினார். "நல்ல விஷயம்தாம்மா. பாத்துக்கலாம்" என்றார்.

"பாத்துக்கலாம்னா எப்போங்க?"

"சீக்கிரம்."

"எங்ககிட்ட ஆர்டர் குடுக்கும்போது நாங்க 'சீக்கிரம்'னு சொன்னா ஒத்துக்க மாட்டீங்களே, தேதிதானே கேப்பீங்க? அதே மாதிரி ஒரு தேதி சொல்லிடுங்க. நாங்க ஒரு தடவைகூட தேதி தவறினதில்லைங்க."

அவர் உருவிய பின்னைக் கையில் பிடித்தபடியே நின்றார். முதலாளி தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள், 'என்னை ஏன் பார்க்கிறீர்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்' என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.

"வர்ற மாசம் முதல் தேதி" என்றார் முதலாளி. "போதுமா?"

"போதுங்க. நன்றி." கேடயத்தை இடுப்பில் குழந்தையை வைப்பதுபோல் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

கைதட்டல் ஓயவில்லை. மற்றக் கிளைப் பெண்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். மீசை ஆசாமி அவர் காதில், "யாருங்க அந்தம்மா? நம்ம பொழப்பையே கெடுத்துடுவாங்க போலிருக்கே!" என்றார்.

"என் சம்சாரம்" என்று சொல்ல வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக மைக்செட்டுக்குக் குரல் வரவில்லை.

இருட்டுவதற்குள் இருவரும் மறுபடி கரையோரம் நடந்தார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று நாலு அலை நேரம் யோசித்துவிட்டு, "இந்தாம்மா, அந்தப் பின்னை..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஒயரைப் பிடுங்கும்போது உங்களுக்கு நாக்கு வெளிய வந்துடும். மேடைல நின்னா நல்லாத் தெரியுது."

அவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். "நீ பயந்து நின்னுட்டியோன்னு நினைச்சேன்."

"நானா? ஒரு பெரிய அலை வந்துட்டு இருந்துச்சு. அது அடிச்சு முடிக்கட்டும்னு நின்னேன். மெஷின் பக்கத்துல அப்படித்தாங்க பேசணும். சத்தத்தோட சண்டை போடக் கூடாது, அது மூச்சு வாங்கறப்போ நாம பேசிடணும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "வீட்டுலயும் அப்படித்தான் பேசறேன். நீங்க மூச்சு வாங்கறதே இல்ல, அது வேற விஷயம்" என்றாள்.

அவர் சிரித்தார். பிறகு அவள் கையிலிருந்த கேடயத்தை வாங்கித் தானே சுமந்துகொண்டார். கனமாக இருக்குமே என்று அல்ல. எதிரே வருபவர்கள் பார்க்கட்டும் என்று.

மறுநாள் காலைப் படகில், இன்ஜின் பக்கம் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பயணி ஒருவரிடம் அவர் ஆரம்பித்தார். தீவு, மேடை, அலை, பை உட்கார்ந்தது, எல்லாம் சொன்னார். பின்னை உருவியதையும் சேர்த்தே சொன்னார். அதைச் சொல்லாவிட்டால் குரலின் பெருமை பாதிதானே தெரியும்? அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போதும் விடுங்க, மானம் போகுது" என்று கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னம் மட்டும் சிரிப்பை மறைக்க முடியாமல் மேலே ஏறியிருந்தது.

"அது சரி, நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று பயணி மரியாதைக்குக் கேட்டார்.

"அதைத் தூக்கிப் போடுங்க சார்" என்றார் அவர். "முதலாளி தேதி சொன்னாரு பாருங்க, அந்த இடத்துக்கு வாங்க."