நடைவழியில் கிடந்த அம்மி

“அடிக்கிற ஆளுக்கும் கை நோகுமா உம்மா?”

ஆதிலா இதைக் கேட்டபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. நுஸ்ரத் அப்போது ஈரத்துணியால் கன்னத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். வீங்கிய உதட்டோடு, “நோகும் புள்ள, நல்லா நோகும்” என்றாள். பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு முன்னறைக்குப் போய், கோபம் தீர்ந்து படுத்துக்கிடந்த வாப்பாவின் வலக்கையைத் தூக்கி, காயத்துக்கு ஊதுவதுபோல் ஊதிவிட்டது. மசூர் கண்ணைத் திறக்காமலே கையை இழுத்துக்கொண்டான்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பதின்மூன்று வயது. இப்போதெல்லாம் அவள் யாருடைய கையையும் ஊதுவதில்லை. வாப்பாவோடு கதைப்பதும் இல்லை.

மசூர் அதே முன்னறையில்தான் கிடக்கிறான். நடுமுதுகின் கீழே ஒப்பரேசன் செய்து தையல் போட்ட கோடு. மெத்தையை எடுத்துவிட்டுப் பலகை போட்ட கட்டில், முழங்கால்களுக்கிடையில் ஒரு தலையணை. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, இடுப்பைத் திருப்பக்கூடாது என்று டொக்டர் சொல்லியனுப்பியிருந்தார். புரள வேண்டுமென்றால் மரக்குற்றியைப் போல ஒரே உருட்டாக உருள வேண்டும். அந்த உருட்டைச் செய்து கொடுப்பவள் நுஸ்ரத். கழுவித் துடைத்து, இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டி, கக்கூசுக்குப் போகும்போது தோள் கொடுப்பவளும் அவள்தான்.

சம்மாந்துறை மில்லில் நெல்மூட்டை தூக்கித் தூக்கித்தான் அவனுடைய முதுகு போனது என்று சாய்ந்தமருது முழுவதும் கதை. நுஸ்ரத் அதை மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். உண்மை அந்த வீட்டு நடைவழியிலேயே, எல்லாரும் பார்க்கும்படி கிடந்தது.

அன்று அந்தியில், மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னால், சோற்றில் ஊற்றிய ஆணத்தில் உப்புக் கூடிவிட்டது. அவ்வளவுதான். மசூர் பீங்கானைச் சுவரில் அடித்தான். பிறகு அவளுடைய தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து அவளையும் அதே சுவரில் அடித்தான். மூக்கால் இரத்தம் வந்தது. அவள் எப்படியோ திமிறி, பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குள் ஓடித் தாழ்ப்பாளைப் போட்டாள். அவன் உதைத்த உதையில் தாழ்ப்பாள் பிடுங்குப்பட்டுத் தெறித்தது. நுஸ்ரத் கதவில் முதுகைக் கொடுத்து, ஒரு காலை எதிரே இருந்த அலுமாரியில் ஊன்றி நின்றாள். வெளியே சத்தம் நின்றது. போய்விட்டான் என்று நினைத்தாள். கதவின் இடுக்கால் பார்த்தபோது, அவன் குசினியிலிருந்து அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

மூட்டை தூக்கிப் பழகிய ஆள். கல் அவனுடைய தலைக்கு மேலே போனது.

“யா அல்லாஹ், இவர நிப்பாட்டு” என்றாள் நுஸ்ரத்.

கல் மேலே போன இடத்திலேயே ஒரு கணம் நின்றது. மசூரின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அம்மி கைநழுவி விழுந்து சீமெந்துத் தரையைப் பிளந்தது. அதற்குப் பக்கத்தில் அவனும் விழுந்தான். விழுந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

தான் கேட்டதைத்தான் அல்லாஹ் கொடுத்தான் என்று நுஸ்ரத் உறுதியாக நம்பினாள். அதனால் அவளுக்கு ஒரு பயமும் இருந்தது. கேட்டுப் பெற்றவள், அதற்குப் பிறகு அந்த மனிதனுக்கு அநியாயம் செய்துவிடக் கூடாது. ஆகவே சுடுதண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்துத்தான் துடைத்துவிட்டாள். வேளை தவறாமல் குளிசை கொடுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் மரைக்காயர் அபுல் ஹஸன் சுகம் விசாரிக்க வந்தார். நடைவழியில் கிடந்த அம்மியில் கால் இடித்துக்கொண்டார்.

“இதென்னகா புள்ள, அம்மிய நடைவழில போட்டிரிக்காய்? பாக்க வாறவங்கட காலயும் உடைச்சி இன்னொரு கட்டில் போடப் போறயா?”

“கழுவ எடுத்த மரைக்கார். திருப்பி வெக்க ஆளில்ல.”

“ஆளுக்கா பஞ்சம்? நான் ஆரையும் அனுப்புறன்.” கதிரையில் உட்கார்ந்து மசூரின் பாதத்தைத் தட்டினார். “என்ன மசூர், விரல் அசையுதா?”

“அசையிது மரைக்கார். நேத்து செவரப் புடிச்சிக்கிட்டு வாசல்வரைக்கும் போன.”

“அல்ஹம்துலில்லாஹ். ஹலாலா உழைச்சித் தேஞ்ச முதுகு. இந்த நோவுல பாவமெல்லாம் எலை உதிர்ற மாதிரி உதிரும்.” பிறகு நுஸ்ரத்தின் பக்கம் திரும்பினார். “நீயும் குடுத்துவெச்சவதான் புள்ள.”

வாசல்நிலையில் சாய்ந்து நின்ற ஆதிலா வாய் திறந்தாள். “மரைக்கார், அந்த அம்மிக்கி நீங்க ஆள் அனுப்பத் தேவல்ல. வாப்பா எழும்பினாத் தூக்குவாரு. அவருக்குத் தூக்கிப் பழக்கம்.”

மரைக்காயர் சிரித்தார். மசூர் சிரிக்கவில்லை. நுஸ்ரத் தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

வந்தவர் கேற்றைத் தாண்டிய சத்தம் கேட்டதும், நுஸ்ரத் கொண்டுவந்து வைத்த கோழிச் சூப்புக் கிண்ணத்தை மசூர் எடுத்து எறிந்தான். அது அவளுடைய தோளில் பட்டுக் கொட்டியது. சூடு சட்டையோடு ஒட்டிக்கொண்டது.

“புள்ளைக்கி நல்லாக் கதைக்கப் பழக்கி வெச்சிரிக்காய். எழும்பட்டும் நான். ரெண்டு பேருக்கும் இரிக்கி.”

எழும்பட்டும். இந்தச் சொல்லை அவன் காலையும் மாலையும் சொன்னான். அவள் பட்டியைக் கட்டும்போது மணிக்கட்டைப் பிடித்து நகம் பதிய முறுக்கிக்கொண்டு சொன்னான். அவன் சுவரைப் பிடித்து நடந்தான். பிறகு சுவரைப் பிடிக்காமல் நடந்தான். பார்க்க வந்தவர்கள் மகிழ்ந்தார்கள். நுஸ்ரத்தும் வாயால் அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். ஆனால் அவனுடைய கால் தரையில் படும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுடைய தோள் தானாகச் சுருங்கியது. தன்னை அடிக்கப் போகிறவனைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். படுக்கப் போகும்போது உள்ளறைக் கதவுக்கு அலுமாரியை நகர்த்தி முட்டுக்கொடுத்தாள். ஆதிலா ஒன்றும் பேசாமல் மற்றப் பக்கத்தைப் பிடித்துத் தள்ளினாள்.

பேசாமல் இருந்த பிள்ளைதான் கல்முனைக்குடிக்குப் போய்த் தன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

றமீஸ் நுஸ்ரத்தின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். அந்தக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம்; மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வான். தங்கச்சியின் வீட்டுக்காக றமீஸ் கட்டாரில் கிடந்து காய்ந்தவன். வீடு முடிந்து அவளைக் கட்டிக் கொடுத்த பிறகுதான் தன் கலியாணத்தை நினைத்தான். அடி உதை பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. மச்சானுக்கென்று பிரம்புக்கட்டில் வாங்கி அனுப்புவது பற்றிக்கூட அந்த வாரம்தான் கதைத்திருந்தான்.

அஸர் தொழுகை முடிந்து நுஸ்ரத் பாயைச் சுருட்டும்போது கேற் திறக்கும் சத்தம் கேட்டது. திறந்துவிட்டவள் ஆதிலா. றமீஸின் கையில் ஒரு தடித்த பொல்லு இருந்தது. அவன் நடைவழியில் நின்று முதலில் அம்மியைப் பார்த்தான். பிறகு பிளந்த தரையைப் பார்த்தான். பிறகு கதவில் தாழ்ப்பாள் பிடுங்குப்பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தான். அது அவன் மரம் பார்த்து வாங்கிச் செய்வித்த கதவு.

“காக்கா” என்றாள் நுஸ்ரத்.

அவன் அவளைத் தாண்டிப் போனான்.

“வாங்க மச்சான்” என்றான் மசூர், படுத்தபடியே.

றமீஸ் அவனுடைய சட்டையைக் கழுத்தோடு பிடித்து இழுத்தான். மசூர் கட்டிலிலிருந்து பக்கவாட்டில் சரிந்து தரையில் விழுந்து அலறினான். பொல்லு அவனுடைய தொடையில் இறங்கியது. பிறகு தோளில். மசூர் புரளப் பார்த்தான், முடியவில்லை. சாரனில் இரத்தம் ஊறியது, தையல் பிரிந்துவிட்டது.

“மச்சான், முதுகு... முதுகுல அடிச்சிராதங்க. காலு போயிரும்.”

“என்ட தங்கச்சிட முதுகுக்கு ஆருடா ஒப்பரேசன் செஞ்ச?” றமீஸ் காலால் அவனைக் குப்புறப் புரட்டினான். “மூட்ட தூக்கி முதுகு போனவராம். ஊரெல்லாம் துஆக் கேக்குது இவருக்கு.”

“அடிங்க மாமா” என்றாள் ஆதிலா. “அந்த இடத்துல அடிங்க.”

நுஸ்ரத் திரும்பி மகளைப் பார்த்தாள். பிள்ளை பற்களைக் கடித்திருந்தாள். இடக் கன்னம் மட்டும் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கை ஓங்குவதற்கு முன்னால் மசூரின் கன்னம் அப்படித்தான் இழுபடும். இத்தனை வருடமும் பிள்ளை வாப்பாவின் நிறம், தன்னுடைய முகம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பொல்லு மேலே போனது. நுஸ்ரத் ஓடிப்போய் மசூரின் முதுகின் மேல் விழுந்தாள். தலையைக் காக்கத் தூக்கிய இடக்கையில் அடி இறங்கியது. காய்ந்த தென்னமட்டையை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல் ஒரு சத்தம். மசூர் அதைத் தன் காதுக்குப் பக்கத்தில் கேட்டான். இதுவரை அவன் அடித்துத்தான் பழக்கம். அடி விழுகிற உடம்புக்குக் கீழே கிடந்ததில்லை. அவளுடைய உடம்பின் அதிர்வு அவனுடைய முதுகுக்குள் போனது.

றமீஸ் பொல்லைக் கீழே போட்டான்.

“நீ என்னத்துக்கு விழுந்த? இவனுக்காகவா? இவனுக்காகவா புள்ள?”

“இவருக்காக இல்ல காக்கா.” நுஸ்ரத்துக்கு மூச்சு வாங்கியது. “அவளப் பாருங்க. அவள்ட முகத்தப் பாருங்க.”

றமீஸ் மருமகளைப் பார்த்தான். ஆதிலா உம்மாவின் தொங்கிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னம் தளர்ந்து, வாய் கோணி, சின்னப் பிள்ளையைப் போல் அழத் தொடங்கினாள். றமீஸ் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அவனுடைய வலக்கை நிற்காமல் நடுங்கியது. அதை இடக்கையால் பிடித்தான், இரண்டும் நடுங்கின. அடித்தவனுக்கும் நோகும் என்று பிள்ளைக்கு அன்று சொன்னது, சமாளிப்பதற்குச் சொன்ன பொய் என்றே நுஸ்ரத் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

அவள் ஒற்றைக் கையை ஊன்றி எழுந்தாள். மசூரின் தலைமாட்டில் நின்று சொன்னாள்:

“ஒழுங்கா நடக்க ஏலுமான உடன நீங்க நிந்தவூருக்கு உங்கட ராத்தாட ஊட்டுக்குப் போகணும். அதுவரைக்கும் நான் பாப்பன். ஆரும் உங்கள இழுத்துப் போட உடமாட்டன். நடந்துதான் போகணும். ஆனாப் போகணும்.”

அக்காவின் வீடு என்றதைக் கேட்டும் மசூர் முகத்தைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

போவதற்கு முன்னால் றமீஸ் அம்மியைத் தூக்கிக் குசினியில் அதன் இடத்தில் வைத்தான். பிறகு ஓட்டோ பிடித்து, தங்கச்சியையும் மச்சானையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம், “அல்லாஹ் என்ட கையப் புடிச்சிரிக்கணும்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள். தையலைத் திரும்பப் போட்டுக்கொண்ட மசூர் முன்னறையில். கையில் பிளாஸ்டரோடு நுஸ்ரத் குசினியில். சமையல் ஆதிலாவின் பொறுப்பானது. முதல் நாள் அவள் சோற்றுப் பீங்கானை வாப்பாவுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பி வந்து, முகத்தைப் பார்க்காமல், எட்டுமளவுக்கு நகர்த்தி வைத்தாள். நுஸ்ரத் குசினியிலிருந்து அதைக் கண்டாள். அன்றைய தொழுகையில் அதற்காக மட்டும் நெற்றி நிலத்தில் பட நீண்ட நேரம் சுஜூதில் இருந்தாள்.

மசூர் மன்னிப்புக் கேட்கவில்லை. “எழும்பட்டும்” என்ற சொல்லையும் அவன் பிறகு சொல்லவில்லை. தானே பட்டியைக் கட்டப் பழகினான். வீட்டுக்குள் நடந்தான், பிறகு ஒழுங்கையில் நடந்தான், பிறகு பிரதான வீதியில் கடைகள் இருக்கும் இடம்வரை நடந்து திரும்பினான். நுஸ்ரத்தின் தோள் இன்னும் அந்தக் காலடிக்குச் சுருங்கத்தான் செய்தது. அலுமாரி இன்னும் கதவுக்கு முட்டாகத்தான் நின்றது. அலுமாரி நகரும் சத்தம் முன்னறைக்குக் கேட்கும். ஒற்றைக் கையால் அவள் இழுக்கும்போது அது தரையைக் கீறிக்கொண்டு போகும்.

பிளாஸ்டர் வெட்டும் நாள் வந்தது. புறப்படும்போது மசூர் முன்வாசலில் நின்றான்.

“பகலைக்கு ராத்தாட மகன் ஓட்டோ கொண்டுவாறான். நான் போறன்.”

“சரி” என்றாள் நுஸ்ரத். பிறகு, “குளிசைய எடுங்க. மறந்திராம” என்றாள்.

“ஓம்.”

ஆதிலா செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு உம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வீடு வெறுமையாக இருந்தது. பலகைக் கட்டிலில் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. சாவி வழமையான இடத்தில் இருந்தது. ஆதிலா குளிக்கப் போனாள். நுஸ்ரத் உடுப்பு மாற்ற உள்ளறைக்குப் போனாள்.

அலுமாரி சுவரோரமாக, அதன் பழைய இடத்தில் நின்றது. கதவின் உட்பக்கத்தில் ஒரு புதிய தாழ்ப்பாள் இருந்தது. கனமான இரும்பு, கதவின் நிலையில் நன்றாக ஆழமாக இறங்கும்படி துளை போட்டிருந்தது. பழைய தாழ்ப்பாள் இடுப்புயரத்தில் இருந்தது. இது நெஞ்சுயரத்தில், குனிய முடியாத ஒருவன் நிமிர்ந்து நின்று வேலை செய்யக்கூடிய உயரத்தில் இருந்தது. மரத்தூளைக் கூட்டி அள்ளாமல் காலால் ஒரு மூலைக்கு ஒதுக்கியிருந்தான்.

ஒரு திருகாணியின் ஓட்டை மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த ஆணி கதவடியில் தரையில் கிடந்தது. கைநழுவி விழுந்திருக்க வேண்டும். குனிந்து எடுக்க அவனால் முடிந்திருக்காது.

நுஸ்ரத் குனிந்து அதை எடுத்தாள். சன்னல் படியில் அவன் விட்டுப்போன திருப்புளியையும் எடுத்தாள். கட்டு அவிழ்த்த கை வெளிறி, மெலிந்து, பிடி தளர்ந்திருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி, ஆணியை ஓட்டையில் வைத்து, மெல்ல மெல்ல இறுகும்வரை திருகினாள்.